அழகிரியின் பெயர் போட்ட படம்

அழகிரி என் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறவன். இங்கே மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிற வேலை. வேலை பெர்மிட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். பெண்டாட்டி சிந்து ஊரில், மேலக்கண்மாயில் இருக்கிறாள். நல்ல பிள்ளை. அவனைப் பற்றி ஊரில் என்ன பேசினாலும் சரி, நான் சொல்வது இதுதான்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் போன ஒரு நாள் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தான். அதிலிருந்து லீவு நாளில் படுக்க மாட்டான். மழை விட்டால் போதும், மொட்டைமாடிக்கு ஓடுவான். "புகையெல்லாம் கழுவிட்டுப் போயிருக்கும் பாட்டி. இப்பதான் ஊரு மொகம் தெரியும்" என்பான்.

எங்கள் பிளாட் மாடியிலிருந்து இரட்டைக் கோபுரம் நன்றாகத் தெரியும். ஆனால் நடுவில் நான் துணி காயப்போடுகிற கயிறு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பக்கத்துக் கட்டடத்தின் துருப்பிடித்த தகரம் இருக்கிறது. அது ஒன்றும் படத்தில் விழக்கூடாது அவனுக்கு. தொட்டிமேல் ஏறிக் குந்திக்கொண்டு, கம்பிச் சந்துக்குள் கேமராவை நுழைத்து எடுப்பான்.

"ஏன்டா, என் கைலி விழுந்தா கோபுரம் சாஞ்சிருமா?" என்று கேட்டேன்.

"கைலி விழுந்தா எங்க ஊர்க்காரன் கைலியத்தான் பாப்பான் பாட்டி, கோபுரத்த பாக்க மாட்டான்."

எடுத்த படத்தையெல்லாம் ஊர் வாட்சப்பில் போடுவான். அவன் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறான் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். அவன் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. வெளிநாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். நல்ல சட்டையோடு கோபுரத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் வேலைக்கே போவார்கள்.

படம் எடுக்கப் போன இடத்தில் பழக்கமானவன்தான் ராஜேஷ்குமார். அவனும் தமிழ்நாடுதான். ஆபீஸ் வேலை, சொந்தக் கார், முழங்கை நீளத்துக்கு லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அழகிரியைக் காரில் ஏற்றிக்கொண்டு போவான். திரும்பி வந்து என் வீட்டில் மீன் கறி சாப்பிடுவான். "பாட்டி, இவன் தோசைக்காரன் இல்ல, கலைஞன்" என்பான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னொரு துண்டு மீனை வைப்பேன்.

ஒரு நாள் அவன், "கண்காட்சி வைக்கப் போறேன், உன் படமெல்லாம் பெரிய சைசுல குடு. ஓரத்துல உன் பேரையும் ஊர் பேரையும் போட்டுக் குடு. கலைஞனுக்குப் பேரு முக்கியம்" என்றான். அழகிரி ராத்திரி சோறுகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அவ்வளவு பூரிப்பு.

கண்காட்சி வரவில்லை. சிந்துவின் தம்பி பாண்டித்துரைதான் வந்தான். வந்தது யாருக்கும் தெரியாது. கிள்ளான் பக்கம் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து, தன் போனில் இங்கத்து சிம் இல்லாததால் யாரோ ஒருவருடைய போனில், "மாமா, நான் இங்கதான் இருக்கேன். வந்து கூட்டிட்டுப் போங்க" என்று அழுதான்.

நீங்க வர வேண்டாம் பாட்டி என்று அழகிரி என்னிடம் சொன்னான். என்னை யார் தடுக்க முடியும்? பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து டாக்சி பிடித்துப் போனோம். பேக்டரிகளுக்குப் பின்னால் பலகை வைத்து அடைத்த ஒரு கொட்டகை. ஒரு கூட்டம் எழுந்து வேலைக்குப் போனால் இன்னொரு கூட்டம் அதே பாயில் வந்து படுக்கிறது. பாண்டித்துரை வாசலில் செருப்பில்லாமல் நின்றான். சூப்பர்மார்க்கெட் வேலை என்று சொல்லி டூரிஸ்ட் விசாவில் கூட்டி வந்து, பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். ஊரில் ஓட்டிக்கொண்டிருந்த லோடு ஆட்டோவை விற்றுவிட்டு வந்திருக்கிறான்.

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேக்கலையேடா" என்றான் அழகிரி.

"எதுக்குக் கேக்கணும்? நீங்கதான வேலைல சேந்துக்கச் சொல்லிப் போட்டிருக்கீங்க!"

தன் போனை நீட்டினான். எனக்கு எழுத்து தெரியாது. படம் தெரியுமே! எங்கள் மாடியிலிருந்து எடுத்த கோபுரம்தான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அழகிரி படித்தான். 'மலேசியாவில் உடனடி வேலை.' அதற்கும் கீழே ராஜேஷ்குமாரின் நம்பர். ஓரத்தில் அழகிரியின் பெயர், மேலக்கண்மாய் என்று ஊர். நம்ம ஊர்ப் பையனே சொல்கிறான் என்றுதான் நம்பினார்களாம். அடுத்த கூட்டமும் கிளம்பத் தயாராக நிற்கிறதாம்.

அழகிரி உள்ளே போய்ப் பாண்டித்துரையின் பையை எடுத்து வந்தான்.

பாஸ்போர்ட் கிடைக்கவில்லை, பாண்டித்துரையை மட்டும் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ராஜேஷ்குமார் டீக்கடையில் இருக்கிறான் என்று தெரிந்ததும் நேரே அங்கே போனேன்.

"என் வீட்டுச் சோறு தின்னவன் செய்யற வேலையாடா இது?"

அவன் டீயைக் கீழே வைக்கவில்லை. "பாட்டி, கத்தாதீங்க. நான் போட்ட படத்துல என்ன பொய்யி? கோபுரம் இருக்குல்ல? உங்க அழுக்குக் கயிறும் தகரமும் விழாம எடுத்தது நானா? அவன் காலம்பூரா ஊருக்குக் காட்டினதத்தான நானும் காட்டினேன்."

நான் நன்றாகத் திட்டினேன். ஆனால் பின்னால் நின்ற அழகிரி திரும்பி நடந்தான். ஏமாற்றியவன் சொன்னதை விட, அது தைத்த இடம்தான் அவனுக்கு வலித்தது.

மறு வாரம் அவன் மட்டும் அந்தக் கொட்டகைக்குப் போனான். பாய், பலகைச் சுவர், கக்கூசுக்கு முன்னால் நிற்கிற வரிசை, எல்லாவற்றையும் எடுத்தான். எதையும் ஒதுக்கவில்லை. எங்கள் மாடியையும் கயிறோடும் தகரத்தோடும் எடுத்து, 'யாரும் வராதீங்க, இதுதான் நெசம்' என்று பேசிப் பதிவு செய்து ஊருக்கு அனுப்பினான்.

மாமனாரிடமிருந்துதான் முதல் பதில். எனக்கும் போட்டுக் காட்டினான். "இத்தன வருசம் கோபுரமாக் காட்டுன. அடுத்தவன் வரான்னதும் கக்கூசக் காட்டுறியா? நீ மட்டும்தான் பொழைக்கணுமா?"

"டேய் பாண்டி, நீ பேசுடா. பட்டவன் நீதான? நீ சொன்னா நம்புவாங்கல்ல" என்றேன். சொல்கிறேன் என்று தலையாட்டினான். அக்காளுக்குப் போன் போட்டான். "நல்லா இருக்கேன்க்கா. மாமா சும்மா சொல்றாரு. பெரிய கடைலதான் வேல" என்றான். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெட்கம் அவனுக்கு. ஆட்டோவை விற்றவன் எப்படி ஏமாந்தேன் என்று சொல்வான்?

அன்று சாயந்திரம் அழகிரியிடம் வந்து, "மாமா, அந்தக் கோபுரத்துக்கு முன்னாடி நிக்க வச்சு என்னைய ஒரு படம் எடுங்க. அம்மாவுக்கு அனுப்பணும்" என்றான்.

அழகிரி எடுக்கவில்லை. அவன் சட்டையை இரவல் வாங்கிக்கொண்டு போய், வழியில் போகிறவனிடம் போனைக் கொடுத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டான் பாண்டித்துரை. மறுநாள் அதே படத்தைச் சிந்து அழகிரிக்கு அனுப்பி, "எந்தம்பி எப்படி இருக்கான்னு பாருங்க. உங்களுக்குத்தான் பொறுக்கல" என்று பேசியிருந்தாள்.

நான் விடவில்லை. நானே பேசுகிறேன் என்று போன் போட்டுத் தரச் சொன்னேன்.

"ஆத்தா சிந்து, உன் தம்பி போட்டிருக்கிறது உன் புருசன் சட்ட. நல்லாப் பாரு. அந்த நாத்தம் புடிச்ச எடத்துல இருந்து அவன இழுத்துட்டு வந்தவ நானு."

"நீங்க அவருக்கு வீடு குடுத்தவங்க. அவரு பேச்சத்தான் பேசுவீங்க" என்று வைத்துவிட்டாள்.

அவளுக்கு மறுபடியும் போடச் சொன்னேன். எடுக்கவில்லை. "விடுங்க பாட்டி" என்று அழகிரி கையைப் பிடித்தான். நான் கையை உதறினேன். அங்கே கிளம்பத் தயாராக நிற்கிறவர்களுக்கு யார் சொல்வது? எடுக்கிறவரைக்கும் போடு என்றேன்.