முத்து முத்தான கையெழுத்து

பழைய பள்ளி நோட்டுகளைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் மருத்துவமனை வரை அந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

என் மகள் தேவிக்கு இருந்தது டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் தடுமாற்றம், அறிவுக்குறைவு அல்ல). தொண்ணூறுகளில் அந்தச் சொல்லே எங்களுக்குப் புதிது. கல்லூரி விரிவுரையாளர் ஒருவர்தான் சந்தேகப்பட்டார். டாக்டர் கடிதம் கொடுத்தால் பரீட்சையில் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அது இல்லாமல் அவள் தேற முடியாது.

டாக்டர் நோட்டுகளைப் புரட்டினார். "சோதனையில ரொம்ப தடுமாறுறாங்க. ஆனா சின்ன வயசுலேர்ந்தே இருந்திச்சான்னு காலேஜ்ல கேப்பாங்க. இதுல ஒரு பிழைகூட இல்லையே?"

"என் மக அப்பவே முத்து முத்தா எழுதுவா லா, டாக்டர்," என்றார் என் கணவர்.

அந்த முத்தெல்லாம் என் கை எழுதியது. தேவி வாயால் சொல்வாள், நான் எழுதுவேன். பிள்ளை அடி வாங்கக்கூடாது, சொந்தக்காரர்கள் மக்கு என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். என் கணவருக்குக்கூடத் தெரியாது. ஆறு வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்.

தேவி என்னைப் பார்த்தாள். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

'பரீட்சைப் பயமாக இருக்கலாம்' என்று கடிதம் வந்தது. கூடுதல் நேரம் இல்லை. மூன்று பாடங்களில் தோற்றாள். பதிலெல்லாம் தெரியும், எழுதி முடிக்கத்தான் நேரமில்லை.

பிறகு நான் தனியாகப் போனேன். நோட்டில் இருந்த ஒரு பத்தியை டாக்டர் எதிரிலேயே எழுதிக் காட்டினேன். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

சரியான கடிதம் வர மூன்று வாரமானது. அதற்குள் தேவி கல்லூரியை விட்டு ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டாள். கடிதத்தை நீட்டியபோது சீருடையோடு காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே படிச்சிக்கம்மா. எனக்கு பஸ் வந்துரும்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உங்கள் பிள்ளையின் நோட்டு கிறுக்கலாக இருந்தால் இருக்கட்டும், அப்படியே எடுத்து வையுங்கள்.

இப்போது பாசாருக்குச் சாமான் பட்டியல் எழுதினாலும் என் வலது கை கனக்கிறது. டாக்டர் அறையில் நான் சும்மா இருந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. என் பிள்ளை கேட்டது அரை மணி நேரம்தான்.