மூடிக் கிடந்த தெருக்குழாய்

தொண்ணூறுகளில் பாளையம்பட்டியில் குடியிருந்தோம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு காலிக் குடத்தை வைத்திருப்போம். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் தெருவே ஓடிவரும்.

திறந்து கிடக்கும் குழாயை மூடுவது நல்ல குடிமக்களின் கடமை என்று, ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகள் ஸ்டெல்லாவுக்கு அடிக்கடி சொல்வேன்.

ஒரு சனிக்கிழமை மதியம், பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அக்கா வெறுங்குடத்தோடு வந்து நின்றார். அடுத்த தெருவுக்கெல்லாம் தண்ணீர் வந்து நின்றும் போய்விட்டதாம். குழாய் இறுக்கி மூடிக் கிடந்ததால் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

"டீச்சர், ஒங்க மகதான் மூடுனாளாம். நாளைக்கு எம்மகளப் பொண்ணு பாக்க வாராக. காப்பி போடக்கூடத் தண்ணியில்ல."

ஸ்டெல்லாவை அடிக்கக் கை ஓங்கினேன்.

"நீதானம்மா மூடச் சொன்ன?" என்றாள்.

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் பானையிலிருந்த தண்ணீரை அக்காவின் குடத்தில் ஊற்றினேன். அவர் போனதும் ஸ்டெல்லா கேட்டாள்: "அப்ப இனிமே மூடணுமா, வேணாமா?"

எனக்கு அன்றும் குழப்பம், இன்றும் குழப்பம்தான். இப்போது வகுப்பில் இந்தப் பாடம் வந்தால், "குழாயை மூடுங்கள்" என்பதற்கு முன்னால், "அடியில் யார் குடமாவது இருக்கிறதா, பாருங்கள்" என்கிறேன்.