என் கையால் போட்ட பூஜ்யங்கள்

மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் பங்கு முப்பத்தெட்டு ரூபாய்க்கு விற்றபோது நான் அதை வாங்கவில்லை. வாங்க முடியாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அது பொய் என்று தெரிவதற்குள் பதினான்கு மாதங்கள் போய்விட்டன. அந்த மாதங்கள் எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. இன்று எடுத்துப் படித்தாலும் காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். வணிகவியல் மாணவர்களுக்காக நூலகத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் பிளாப்பிகள் வரும். எண்ணூறு கம்பெனிகளின் கணக்குகள் அவற்றில் இருந்தன. நமக்கு வேண்டிய நிபந்தனைகளைக் கொடுத்தால், பொருந்தாத கம்பெனிகளைத் தள்ளிவிட்டுப் பொருந்துகிறவற்றை மட்டும் திரையில் காட்டும். அட்டையில் ஸ்கிரீனர் என்று போட்டிருந்தது. நான் சல்லடை என்பேன். மாணவர்கள் நூலகக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடினார்கள். முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, மாலை ஐந்திலிருந்து ஆறு வரை நான் சலித்தேன்.

என்னிடம் பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தது. சீட்டுக் கட்டிச் சேர்த்தது. மகள் அப்போது பி.யு.சி. முதல் வருடம், அதாவது பதினோராம் வகுப்பு. அவளை பெங்களூரில் சேர்த்து விடுதியில் வைத்துப் படிக்கவைக்க எங்கள் இரண்டு சம்பளமும் போதாது. இந்தப் பணம் இரண்டு வருடத்தில் ஓரளவு வளர்ந்தால் முடியும். பேராசையோடு நான் பங்குச் சந்தைக்குப் போகவில்லை. மூன்று நிபந்தனைகளோடு போனேன். ஐந்து வருடம் விடாமல் டிவிடெண்ட் கொடுத்திருக்க வேண்டும். கடன் சொந்த முதலைத் தாண்டக் கூடாது. பங்கின் விலை, அந்தப் பங்குக்கு ஒரு வருடத்தில் கிடைத்த லாபத்தைப் போல் எட்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது.

முதல் சலிப்பில் முப்பத்தொரு கம்பெனிகள் நின்றன. அவற்றில் எல்லாவிதத்திலும் மேலே இருந்தது நஞ்சன்கூட்டுக் கம்பெனி.

எங்கள் புரோக்கரின் அலுவலகம் அக்ரஹாரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மொட்டைமாடியில் பங்குச் சந்தையோடு இணைக்க, புதிதாக வெள்ளைக் கிண்ணம் போல ஒரு ஆன்டெனா வைத்திருந்தார்கள். புரோக்கர் மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழர்; பேச்சில் கன்னடம் எட்டிப் பார்க்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கணக்குத் திறந்த அன்று, ஜெராக்ஸ் எடுத்த ஆறு பக்கங்களைப் பின் அடித்துக் கொடுத்தார். இருநூற்று நாற்பது பெயர்கள்.

"இதுதான் மேடம் நம்ம ஆபீஸ்ல பண்றது. இதுல பாத்துச் சொல்லுங்க, ஒடனே வாங்கித் தரேன்."

"நஞ்சன்கூடு கம்பெனி இதுல இல்லையே?"

"அது வராது மேடம்."

"வராதுன்னா?"

"நம்ம ஸ்கிரீன்ல வராது. சும்னே அத நெனச்சிட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க."

நான் நம்பினேன். நூலகத்தில் ஒரு புத்தகம் எங்கள் பட்டியலில் இல்லையென்றால் இல்லைதான்; அதை யாரும் மறைத்து வைப்பதில்லை. பட்டியல் என்றால் எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு நான் செய்ததை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அந்த மென்பொருளில் நாமாக ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, சேர்த்துக்கொள்ள இடம் இருந்தது. 'நம் புரோக்கரிடம் கிடைக்குமா' என்று ஒரு பத்தி சேர்த்தேன். கிடைத்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆறு பக்கங்களையும் மேஜையில் விரித்து, மர ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி, எண்ணூறு கம்பெனிகளுக்கும் தட்டினேன். பதினொரு மாலைகள். ஐந்நூற்று அறுபது பூஜ்யங்கள். முடித்த அன்று இரண்டு இடத்தில் சரிபார்த்து, பிழையில்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். பிழையில்லையாம்!

அன்று முதல் அந்தப் பத்தியே என் முதல் சல்லடை ஆயிற்று. வாங்க முடியாததைப் பார்த்து ஏங்குவதில் அர்த்தமில்லை என்பது என் நியாயம். பூஜ்யம் வாங்கியவை திரைக்கே வராது. ஒன்பது கம்பெனிகள் மிஞ்சின. அவற்றிலிருந்து ஓர் இரும்புக் கம்பெனியின் பங்கை இருபத்திரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு வருடத்தில் பதின்மூன்றுக்கு வந்தது. அது என் தவறு, சந்தையின் இயல்பு. அதற்காக யாரையும் நான் குறை சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஒரு நாள், எங்கள் கல்லூரி இயற்பியல் விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை அடுக்கில் வைக்கும் முன் வழக்கம்போல் புரட்டிப் பார்த்தேன். உள்ளே அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு, கோயில் பூ, கடிதம் எல்லாம் இருக்கும். எடுத்து உறையில் போட்டு உரியவரிடம் கொடுப்பேன். படிக்க மாட்டேன். அன்று உள்ளே இருந்த தாளைப் படித்துவிட்டேன், ஏனென்றால் தலைப்பில் எங்கள் புரோக்கரின் பெயர். பங்கு வாங்கிக் கொடுத்ததற்கான ரசீது. நஞ்சன்கூட்டுக் கம்பெனி, இரண்டாயிரம் பங்குகள். ரசீதின் தேதி, என்னிடம் "வராது" என்று சொன்ன நாளுக்கு மூன்று வாரம் பின்னால். விலை முப்பத்தொன்பது.

விரிவுரையாளரிடமே கேட்டேன். மண்டியாவில் கரும்பு நிலம் உள்ளவர். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்களுக்கு அந்த ஆறு பக்கம் கொடுத்தாரா?" என்றேன்.

"ஆறு பக்கமா? எனக்கு எந்தப் பக்கமும் கொடுக்கலையே மேடம். பேர் சொன்னேன், வாங்கிக் கொடுத்தார்."

அன்றைய பத்திரிகையில் விலை நூற்றுப் பன்னிரண்டு.

வீட்டில் சொன்னேன். கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, நீ எண்ணூறு கம்பெனியச் சலிச்ச, இல்லையா?"

"ஆமா."

"மொதல்ல அந்த ஆளப் போட்டுச் சலிச்சிருக்கணும்."

"சிரிக்காதீங்க. உங்க பொண்ணு ஹாஸ்டல் பணம் அது."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் விளையாட்டாகப் பேசியதில்லை.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்ரஹாரம் போனேன். மாடியில் பெஞ்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் போல ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆறு பக்கங்களைப் புரோக்கரின் மேஜையில் வைத்தேன்.

"நஞ்சன்கூடு கம்பெனி உங்க ஸ்கிரீன்ல வருமா, வராதா?"

அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "இப்ப வருது மேடம்."

"போன வருஷம்?"

"மேடம், உக்காருங்க. காபி சொல்லட்டா?"

"போன வருஷம் வந்துதா?"

"வந்தது. சரி, வந்தது. கேளுங்க. அந்த மாதிரி பங்கெல்லாம் தெனம் நெறைய கைமாறாது. நீங்க நானூறு கேப்பீங்க, அம்பது அம்பதா எட்டு எடத்துலேர்ந்து வரும். ஒரு பத்திரத்துல கையெழுத்து ஒத்துவராது, திருப்பி அனுப்பணும், ஆள் பெங்களூருக்குப் போகணும். ஒங்க கமிஷன்ல அந்த ஆளுக்கு பஸ் சார்ஜ்கூட வராது. சம்பளக்காரங்களுக்கு இந்தத் தலவலி எதுக்குன்னுதான் ஓடற பங்கா பாத்து லிஸ்ட் போட்டேன். ஒங்க நல்லதுக்குத்தான்."

"இதையே அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே. தலைவலி எனக்கு வேணுமா வேண்டாமான்னு நான் சொல்லியிருப்பேன்."

"தப்புதான். விடுங்க. இப்பவே வாங்கித் தரேன். ஒங்களுக்காக நானே பெங்களூர் போறேன், போதுமா?" என்று கீபோர்டை இழுத்தார். "நூத்துப் பன்னெண்டு. எவ்ளோ போடட்டும்?"

முந்தின மாலையே அந்தக் கம்பெனியின் பூஜ்யத்தை அழித்து 1 போட்டு, புதிய விலையையும் கொடுத்து, மறுபடி சலித்துப் பார்த்திருந்தேன். அது நிற்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் என்பது வருட லாபத்தைப் போல் இருபது மடங்கு. என் எட்டு மடங்கு விதி அதைத் தள்ளிவிட்டது.

"வேண்டாம்."

"ஏன் மேடம்?"

"இப்ப விலை அதிகம். என் கணக்குல வராது."

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "பாத்தீங்களா! நான் வராதுன்னா பொய். நீங்க வராதுன்னா கணக்கா? இப்ப லிஸ்ட் போட்டு ஒங்கள நிறுத்தறது நானில்ல மேடம், நீங்கதான்."

அந்தப் பேச்சு இன்றுவரை எனக்கு உறுத்துகிறது, சாமர்த்தியமான பேச்சு என்பதால். ஆனால் சரியான பேச்சு இல்லை. என் விதியால் நான் இழந்தால் அதை நாட்குறிப்பில் என் பெயரில் எழுதிக்கொள்வேன். இரும்புப் பங்கை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இவருடைய விதியை இவர் என்னிடம் காட்டவே இல்லை. 'எனக்குக் கட்டுபடியாகாது' என்பதை 'இல்லை' என்று மாற்றிச் சொல்லி, அந்த இல்லையை என் கையாலேயே ஐந்நூற்று அறுபது தடவை தட்டவைத்தார். என் மகள் பெங்களூர் போகவில்லை. இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்து தினம் இரண்டு பேருந்து மாறிப் போனாள். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே எனக்கு இது ஆறவில்லை.

"சரி" என்றேன். பேனாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். "இந்த லிஸ்டுக்கு மேல தலைப்பு இல்ல. எழுதிக் கொடுங்க. 'இதில் இல்லாதவையும் கிடைக்கும். சிறிய தொகைக்கு நாங்கள் வாங்கித் தருவதில்லை.' கீழ கையெழுத்து போடுங்க."

"என்ன மேடம் இது, ஸ்கூல் மாதிரி."

"எழுதுங்க."

"அதெல்லாம் எழுத முடியாது."

"எழுத முடியாததுன்னு தெரிஞ்சுதான் சொல்லாம விட்டீங்களா?"

பெஞ்சில் இருந்தவர் எழுந்து அருகே வந்தார். அவர் கையிலும் அதே ஆறு பக்கங்கள், அதே மூலையில் பின். சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"ஏனம்மா, இதுல இல்லாததும் வாங்கலாமா?" என்றார்.

புரோக்கர் அவசரமாக எழுந்தார். "மேடம், ப்ளீஸ். இங்க வேண்டாம். ஆபீஸ் நடக்குது."

நான் அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்து, பதினான்கு மாதம் முந்தைய பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.