டாக்டர் நிசா சொல்லாமல் விட்ட பதில்

செய்தி வந்தபோது என் மைக்ரோஸ்கோப்பில் ஒரு ஸ்லைடு இருந்தது. எங்கள் லேப் டெக்னீஷியன் முருகேசன் கதவருகே வந்து நின்றார். பேசிக்கொண்டேதான் உள்ளே வருகிறவர் அவர். அன்று கதவைத் தாண்டவில்லை. "மேடம், நிசா மேடம் காலைல தவறிட்டாங்களாம். ஹார்ட்டு. அவங்க வூட்லேர்ந்து போன் வந்துச்சு" என்றார். நான் தலையசைத்தேன். ஸ்லைடைப் பார்த்து முடித்து, முடிவை எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்ட ஸ்லைடை மறுபடி முதல் ஓரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் அறையில் நிசா மேடம் வைத்திருந்த சட்டம். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வதென்றும் எனக்குத் தெரியவில்லை.

அபிராமபுரத்தில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. பெண்கள் கூடியிருந்த அறையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். எத்தனையோ வருடங்கள் ஒரே மேஜையில் எதிரெதிரே வேலை செய்திருக்கிறோம்; அந்த வீட்டுக்குள் நான் வந்தது அதுவே முதல் முறை. அவர் தங்கை என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார். "நீங்கதானே சுமதி? அக்கா வந்து தினம் சொல்லும், இன்னைக்கும் அவளோட சண்டைன்னு" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். நிசா அழைத்தபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லி நான் வராமல் இருந்த வீடு அது. அதை அந்த அம்மாளிடம் சொல்லிப் பயனில்லை.

இதைப் படிக்கும் பலருக்கு டாக்டர் நிசாவைத் தெரியும். அவர் குடும்பத்தாரும் படிப்பார்கள் என்பதால் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நோயியல் மருத்துவர்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டி எங்களிடம் வரும். அதை மெல்லிதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஸ்லைடைப் பார்த்து, அது என்ன கட்டி என்று நாங்கள் சொல்வோம். நோயாளியைப் பார்க்க மாட்டோம். சூலகக் கட்டி, அதாவது கருமுட்டைப் பையில் வரும் கட்டி, நிசாவின் தனிப் பாடம். உடம்பில் வேறு எந்த உறுப்பும் இவ்வளவு வகைகளைக் காட்டுவதில்லை. சூலகத்தின் மேல்தோலிலிருந்து வருபவை உண்டு. கருமுட்டைக்கு மூலமான செல்லிலிருந்து வருபவை உண்டு. அவற்றுள் முடியும் பல்லும்கூட இருக்கும். ஹார்மோன் சுரக்கும் திசுவிலிருந்து வருபவை சில. இரைப்பையிலோ குடலிலோ பிறந்து இங்கே வந்து குடியேறியவை சில. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. "பேர் வைக்கறதுக்கு முன்னாடி எந்த வீட்டுப் பிள்ளைன்னு விசாரி" என்பார் நிசா.

எங்கள் தினசரிச் சண்டையும் அதைப் பற்றித்தான். நான் நோயாளியின் விவரங்களைப் படித்துவிட்டு ஸ்லைடைப் பார்ப்பேன். அவர் ஸ்லைடைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பிறகே விவரத்தைப் படிப்பார். "முன்னாடியே படிச்சிட்டா கண்ணு அதைத்தான் தேடும் சுமதி. மத்ததெல்லாம் எதிர்ல நின்னாலும் தெரியாது." அதற்கு நான், "வயசு என்னன்னுகூட தெரியாம கட்டியைப் பாக்கறது குருட்டு நம்பிக்கை மேடம்" என்பேன். "சரி, உனக்குக் கண்ணு, எனக்கு நம்பிக்கை. பங்கு பிரிச்சாச்சு, டீ சொல்லு" என்று முடித்துவிடுவார். ஒருமுறை அவர் வெட்டித் திறந்த கட்டிக்குள் ஒரு கொத்து நீள முடி இருந்தது. முருகேசன் எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், நமக்குக் கொட்டிக்கினு கீது, இதுக்கு இப்டி வளந்துகீது" என்றார். நிசா தலை நிமிராமல், "எந்த எண்ணெய்னு கேட்டுச் சொல்றேன் முருகேசா" என்றார். அவருடைய சிரிப்பு பெரும்பாலும் இப்படித்தான், கையுறையோடு, வேலைக்கு நடுவே வரும்.

இனி நான் எழுதப்போவதை எழுதலாமா என்று யோசித்தேன். பாராட்டை மட்டும் எழுதினால் அவர் இதைப் பாதியில் மடித்து வைத்திருப்பார்.

சில வருடங்களுக்கு முன்பு தேவி என்ற பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இருபதுகளில் இருந்தாள். கல்யாணமாகிக் குழந்தை இல்லை. ஆற்றோரக் குடிசையில் வாழ்ந்து, பிறகு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம். வயிற்றில் பூசணிக்காய் அளவுக்கு, கோழை போன்ற நீர் நிரம்பிய ஒரு கட்டி. இத்தகைய நேரத்தில் நோயாளி மயக்கத்தில் மேஜைமேல் இருக்கும்போதே கட்டி எங்களிடம் வரும். அதில் ஓரிரு துண்டுகளை உறைய வைத்துச் சீவி, உடனே பார்த்துச் சொல்ல வேண்டும். ஃப்ரோஸன் என்போம். புற்றுநோய் என்றால் கர்ப்பப்பையையும் மறு சூலகத்தையும் எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் கட்டியோடு நிறுத்துவார்கள். அந்தப் பெண் தாயாவதும் ஆகாததும் அந்த ஒரு பதிலில் இருந்தது.

அன்று ஃப்ரோஸன் நிசாவின் முறை. பார்த்த துண்டுகள் புற்றுநோய், சாதாரணக் கட்டி இரண்டுக்கும் நடுவில் நின்றன. நாங்கள் அதை பார்டர்லைன் என்போம். செல்கள் கட்டுமீறியிருக்கும், ஆனால் பக்கத்துத் திசுவைத் துளைத்துப் போயிருக்காது. நானும் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இந்த வகைக் கட்டியில் ஒரு மூலை நல்லதாகவும் மறு மூலை கெட்டதாகவும் இருக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அவ்வளவு பெரிய கட்டி முழுவதையும் அந்த நேரத்துக்குள் பார்க்க முடியாது. நிசா இன்டர்காமில், "நான் பார்த்த இடத்துல பார்டர்லைன். பார்க்காத இடம் நிறைய இருக்கு. கர்ப்பப்பையைத் தொட நான் காரணம் தரமாட்டேன்" என்றார். மறுமுனையில் சர்ஜன் சலித்துக்கொண்டது எனக்கே கேட்டது. "மேடம், ரிப்போர்ட் சொல்றீங்களா, ஜோசியம் சொல்றீங்களா?" "ஜோசியம்னா உறுதியா சொல்லியிருப்பேன் டாக்டர்" என்றார் நிசா. கட்டியோடு நிறுத்தினார்கள்.

மறுநாள் முதல் அவர் அந்தக் கட்டியை வெட்டிக்கொண்டே இருந்தார். மெழுகில் பதிக்க முருகேசனிடம் துண்டுகள் போய்க்கொண்டே இருந்தன. "மேடம், போதும் மேடம். மெழுகே பத்தாது போலக்கீது" என்று அவர் கெஞ்சினார். கடைசியாகப் போனவற்றில் ஒன்றில், ஓர் ஓரத்தில், அது இருந்தது. செல்கள் எல்லை தாண்டியிருந்தன. நிசா என்னைக் கூப்பிடவில்லை. எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். நானே வந்து அவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தேன். புற்றுநோய்தான். சிறியது, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

பிறகு அவர் செய்தது எங்கள் தொழிலில் வழக்கமில்லாதது. தேவியை லேபுக்கு வரவழைத்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ரோஸ்கோப்பின் எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார். தேவி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கோலம் மாரி கீது டாக்டர்" என்றாள். "ஆமா. இந்த ஓரத்துல மட்டும் கோடு உடைஞ்சு வெளிய போயிருக்கு பாரு. அன்னைக்கு இந்த ஓரத்தை நான் பார்க்கல" என்றார் நிசா. இப்போதே மறுபடி அறுவை சிகிச்சை செய்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். அல்லது குழந்தை பெறும்வரை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்துக்கொண்டு, அதன் பிறகு எடுக்கலாம். இரண்டாவது வழியில் நோய் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று விளக்கினார். தேவி கேட்டாள்: "உங்க பொண்ணா இருந்தா இன்னா டாக்டர் சொல்லுவீங்கோ?" நிசா, "எனக்குத் தெரியலம்மா" என்றார். தேவி குழந்தையைத் தேர்ந்தெடுத்தாள். வெளியே காத்திருந்த அம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள்.

பெண் குழந்தை பிறந்தது. முருகேசனுக்குச் சாக்லேட் வந்தது. குழந்தை பால் மறந்த பிறகு ஆபரேஷன் என்று தள்ளிப்போட்டு, தேவி சில தடவை ஸ்கேனுக்கு வந்தாள். பிறகு கைக்குழந்தையோடு அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் மாறி வருவது நின்றுபோனது. மருத்துவமனையிலிருந்து போன் செய்து பார்த்தார்கள், நம்பர் மாறியிருந்தது. அவள் திரும்ப வந்தபோது நோய் வயிறெங்கும் பரவியிருந்தது.

அவள் இறந்து சில வாரங்கள் கழித்து அவள் அம்மா லேபுக்கு வந்தார். இடுப்பில் பேத்தி. நான் அறையில்தான் இருந்தேன். "நீதானம்மா எம் பொண்ணுக்குப் பூதக்கண்ணாடில காட்டுன டாக்டரு?" என்று கேட்டார். நிசா எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. "அன்னிக்கு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாத்தையும் எட்த்துருப்பாங்கோ இல்ல? எம் பொண்ணு இருந்துருப்பா இல்ல?"

எங்களிடம் பதில்கள் இருந்தன. ஃப்ரோஸனில் இது உலகமெங்கும் நடப்பது. எல்லாவற்றையும் எடுத்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு தெரிந்ததும் மறைக்கவில்லை, முடிவெடுத்தது அவள். ஸ்கேனுக்கு வராமல் போனதும் அவள். இவை எல்லாம் உண்மை. எல்லாவற்றையும்விடப் பெரிய பதில், அந்த அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து நிசாவின் மேஜையிலிருந்த பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

நிசா, "ஆமாம்மா. எடுத்திருப்பாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா திட்டுவதற்கு வந்தவர் போலத்தான் இருந்தார், திட்டவில்லை. "வேற யாரு கேட்டாலும் வேற வேற சொல்றாங்கோ" என்றார். குழந்தையின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அடையாறு சிக்னலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது நான் கேட்டேன். "அந்தக் குழந்தையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்? அன்னைக்கே எடுத்திருந்தா இது பிறந்தே இருக்காதே." அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். "அம்மா செத்ததுக்குப் பிள்ளையை சாட்சி கூப்பிடறதா? அவங்க அதை வளர்க்கணும் சுமதி. ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் நான் சொன்னது ஞாபகம் வரணுமா?" பிறகு குரல் இறங்கி, "நீ சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். ராத்திரி நான் எனக்கு அதைத்தான் சொல்லிக்கறேன். அவங்ககிட்ட சொல்றதுக்கு இல்ல அது" என்றார்.

அதன் பிறகும் அவர் ஃப்ரோஸன் பார்த்தார். தப்பித்துக்கொள்ளவில்லை. ஆனால் பதில் சொல்லிவிட்டு இன்டர்காமை வைத்தபின் கையை அதன்மேலிருந்து உடனே எடுக்க மாட்டார். அவருக்கு என்னால் என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றும் தெரியவில்லை. அந்தத் துண்டுகளை நானும் பார்த்தேன், நானும் அதையே சொல்லியிருப்பேன் என்று பலமுறை சொன்னேன். அது ஆறுதலாக இல்லை என்பது அவர் முகத்தில் தெரியும். அவரோடு பங்கு போட முடியாத ஒன்றை அவர் வைத்திருந்தார்.

மறுமை, நன்மைக்குக் கிடைக்கும் கூலி, மன்னிப்பு பற்றியெல்லாம் அவருக்கு நம்பிக்கை இருந்தது, எனக்கு இல்லை. அதனால் அவர் இப்போது நிம்மதியாக இருக்கிறார் என்று எழுத எனக்கு வராது. நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் சொன்ன அந்த "ஆமாம்மா"வை. கையில் அத்தனை நியாயங்கள் இருந்தும் ஒன்றைக்கூட எடுக்காத குரல். ஒரு நாள் ஒரு தாய் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கலாம். நியாயங்கள் என்னிடமும் இருக்கும். அவற்றை எடுக்காமல் இருக்க என்னால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியும் என்பதை மட்டும் ஒருமுறை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.