மைனரும் ஆஸ்டினும் ஒரே அச்சு

மைனர் அண்ணே! விருத்தாசலத்தில் உன்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். செண்டு பூசிக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர் இல்லை அது. மாரிஸ் மைனர் காரை வாடகைக்கு ஓட்டியதால் வந்தது. ஆடி மாசம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. இன்னமும் காலையில் வாசல் தெளிக்கும்போது உன் ஹாரன் கேட்கும் என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

அந்தக் கார் எத்தனை அழகு! சாவியைத் திருப்பினால் முன்பக்கம் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். வயிறு நிறைந்ததும் தானே நிற்கும். அதற்குப் பிறகுதான் நீ ஸ்டார்ட் பண்ணுவாய். "சாப்புட்டுடுச்சி, போவலாம்" என்பாய். திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து விளக்கு வைத்த சின்னக் கை ஒன்று வெளியே நீளும். சில நாள் பாதியில் சிக்கிக்கொள்ளும். நீ உள்ளேயிருந்து முஷ்டியால் ஒரு குத்து விடுவாய். தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி அது கையைத் தூக்கும்.

கார்களுக்கெல்லாம் நீ உறவுமுறை வைத்திருந்தாய். மாரிஸ் வம்சத்தில் வந்த அம்பாசிடர் ரோட்டில் போனால், "நம்ம பெரியப்பா மொவன் போறான் பாரு" என்பாய். ஸ்டாண்டர்டு கார் வேறு வகையறா, ஆனால் நல்ல குடும்பம். ஆஸ்டினோடு மட்டும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. காரணம் மங்கலம்பேட்டை ஜவுளிக்கடை பாய். அவரிடம் புதுச்சேரியிலிருந்து வாங்கிவந்த குட்டி ஆஸ்டின் இருந்தது. என்னைக் கட்டிக்கொடுத்த ஊர் மங்கலம்பேட்டை பக்கம் என்பதால், நீ என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அவர் கடை வழியாகத்தான் வருவாய்.

"என்னா தம்பி, ஒங்க தவக்கள இன்னும் குதிக்குதா?" என்று கேட்பார் அவர்.

"குதிக்குது பாய். ஒங்க கொழுக்கட்ட வெந்துடுச்சா?" என்பாய் நீ.

இத்தனை வருஷம் வாய்ச்சண்டை போட்டும் ஒருவர் இன்ஜினை மற்றவர் பார்த்ததில்லை. கண்ணு பட்டுவிடுமாம். உன் பானெட்டுக்குள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுத்தான் திறப்பாய். பாயும் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் திறப்பார்.

எனக்கு வலி எடுத்த அன்று, நல்ல மத்தியானம், நீ வந்து என்னையும், பேறுகாலத்துக்கு என்னோடு வந்து இருந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டாய். விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துக்கொண்டிருந்தால் ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மங்கலம்பேட்டை கடைத்தெருவில், சரியாகப் பாய் கடைக்கு எதிரே, மைனர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பஸ் அப்போதுதான் போயிருந்தது. பாயின் ஆஸ்டின் நம்மை ஏற்றிக்கொள்ளும் நிலையில் இல்லை. கடையோரம் பின்சக்கரம் கழற்றி, செங்கல் மேல் நின்றது.

நீ இறங்கி பானெட்டில் கை வைத்தாய். அப்புறம் சுற்றிலும் பார்த்தாய். அத்தனை கூட்டம். சுவரைத் தேடினாய் அண்ணே, எனக்கு அந்த வலியிலும் தெரிந்தது.

"கண்ணு பட்டா பட்டுட்டுப் போவுது! தெறண்ணே!" என்று கத்தினேன்.

திறந்தாய். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் கறுப்பு மூடி குறுக்கே வெடித்திருந்தது. உன் முகம் செத்துப்போனது. பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது என் வண்டி மூடி கணக்காவே இருக்குதே."

"வெளையாடாதீங்க பாய். ஆஸ்டின் மூடி மாரிஸுக்கு எப்பிடி சேரும்?"

பாய் நேராகத் தன் ஆஸ்டினிடம் போனார். போய்த் தன் பானெட்டைத் தூக்கி, கடைத்தெருவே பார்க்கத் திறந்து வைத்தார். உள்ளே கறுப்புக் கயிறும் ஒரு தாயத்தும் தொங்கின. கார் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டியதும் எனக்கு இரண்டு இன்ஜினும் தெரிந்தன. கல்யாணத்துக்கு முன்னால் நான் செராமிக் பட்டறையில் பொம்மைக்கு அச்சில் களிமண் கரைசல் ஊற்றுகிற வேலை பார்த்தவள். ஒரே அச்சில் வந்த பொம்மைகளுக்கு என்ன பெயிண்டு அடித்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணே, ரெண்டும் ஒரே அச்சுண்ணே! பெயிண்டுதான் வேற! கழட்டுண்ணே!"

நீயும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"அட அல்லாவே, இத்தினி வருஷம் சொந்தக்காரன்கூடவா சண்ட போட்டோம்?" என்றார் பாய்.

"பங்காளின்னா சண்ட இல்லாமயா பாய்?" என்றாய். அந்த நேரத்திலும் உனக்குச் சிரிப்பு.

அவரே மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். நீ ஒயர்களை ஒவ்வொன்றாக மாற்றிச் செருகி, மூடியை வைத்து அழுத்தினாய். கிளிப்பு இரண்டும் டக் டக்கென்று உட்கார்ந்தன. பாய் முன்னால் குனிந்து ஹேண்டில் போட்டார். ஒரே சுற்று. தவளை கிளம்பிவிட்டது. "நான் துவா செய்யறேன் மவளே, பயப்படாம போ" என்று ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னார். வழியெல்லாம் நீ மைனரிடம் பேசிக்கொண்டே ஓட்டினாய். "ஒம் பங்காளி குடுத்ததுடா, மானத்தக் காப்பாத்து." அது காப்பாற்றியது. என் மகள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள், முழுசாக.

அந்த மூடியைப் பாய் கடைசிவரை திரும்பக் கேட்கவில்லை. "சொந்தத்துக்குள்ள என்னா" என்று தன் வண்டிக்கு வேறு வாங்கிப் போட்டுக்கொண்டார். சீமையில் மாரிஸ் கம்பெனியும் ஆஸ்டின் கம்பெனியும் எப்போதோ ஒன்றாகிவிட்டதாம், அப்புறம்தான் நமக்குத் தெரிந்தது.

நீ போன பிறகு மைனர் அம்மா வீட்டு வேப்பமரத்தடியில் கிடந்தது. போன வாரம் நானும் மகளும் அங்கே போயிருந்தபோது பாய் வந்தார். தெரு பார்க்க பானெட்டைத் திறந்தார், தூசியைத் துடைத்தார், ஹேண்டில் போட்டார். அது கிளம்பிய சத்தத்தில் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் மகள் ஓடிவந்து, "மாமா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். பாய்தான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் வெள்ளிக்கிழமைதோறும் உனக்காகத் துவா செய்கிறார். அம்மா கோயிலில் விளக்குப் போடுகிறாள். இதைப் படிக்கிற நீங்களும், உங்கள் சாமி எதுவானாலும் சரி, எங்கள் அண்ணனை ஒரு தடவை நினைத்து வேண்டிக்கொள்ளுங்கள். இரண்டு உயிரை ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்த்தவன், தானும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.