அவள் பக்கத்தில் ஓர் இடம்

நாமகிரிப்பேட்டையைத் தாண்டி, மலையடிவாரக் காட்டுக்குள் ஒரு நடைபாதை போகிறது. வழியெல்லாம் ஒரே சிற்பி செதுக்கிய கற்சிலைகள். அந்தச் சிற்பி இப்போது இல்லை. ஆனால் எனக்குச் சிலைகளைவிட அங்கிருந்த காவல்காரர்தான் நினைவில் நிற்கிறார். பேர்கூடக் கேட்கவில்லை. ஒட்டிய கன்னம், சாயம்போன காக்கிச் சட்டை, தோளில் ஓர் ஈரத்துண்டு.

விறகுச் சுமையை இறக்கிவைத்து, ஒரு கல்லில் உட்கார்ந்து இளைப்பாறும் பெண்ணின் சிலை அது. யாரோ அவள் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தார்கள். அவர் அதைத் துண்டால் பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே?" என்றேன்.

"தெனமும் வெச்சுப்போட்டுப் போயிடறாங்க. இது சாமி இல்லீங்க. நடந்து வாரவங்க இவ பக்கத்துல செத்த நேரம் உக்காரோணும்னுதான் செதுக்குனவரு கல்லுல பாதி எடத்தச் சும்மா உட்டுட்டுப் போனாரு. சாமியாக்கிப்போட்டா அப்புறம் யாருங்க உக்காருவா?"

துண்டைப் பிழிந்தபடி, "நீங்க உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். கல் குளுமையாக இருந்தது. அவர் என் காலைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த சிலைக்கு நடந்தார்.

எழுந்தபோதுதான் கவனித்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.