கரைவலையின் இரண்டு கயிறும் இரண்டு ஒழுங்கையும்

வேலையிலிருந்து இளைப்பாறின பிறகும், ஓகஸ்ட் விடுமுறை வந்தால் எனக்கு உடம்பு அலுத்துப்போகும். குழுச்சண்டையில வாள்வெட்டு நடந்த ஒழுங்கைகளிலிருந்து, அந்தச் சின்னத் தெருக்களிலிருந்து, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டுபோய் நிலாவெளிக் கடற்கரையில ஒரு கிழமை முகாம் வைக்கிறதுதான் எங்கட வேலையாயிருந்தது. நான் உளவளத்துணையாளர். பேர்தான் பெரிசு, பாதி நேரம் பாய் விரிக்கிறதும் சண்டை விலக்குறதும்தான்.

கடைசியாச் செய்த முகாமில டிலானி எண்டொரு பிள்ளை. பத்தாம் வகுப்பு. அவளின்ர அண்ணனை வெட்டினவன், அதே வகுப்பில படிக்கிற, எதிர் ஒழுங்கை ரம்யாவின்ர அண்ணன். அவன் மறியலில, சிறைக்குள்ள. ரெண்டு பெட்டைகளும் முகாமுக்கு வந்திட்டினம். டிலானியின்ர தாய் பஸ்ஸடியில என்ர கையைப் பிடிச்சா.

"அந்தப் பெட்டை இருக்கிற வகுப்புக்கு இனிப் போகமாட்டாளாம், மிஸ். மகன்ர கை போனது போனதுதான். இவளின்ர படிப்பும் போனா நான் என்ன செய்ய?"

"பாப்பம் அம்மா" எண்டன்.

முகாம் இணைப்பாளர் சேர் நல்ல மனுசன், ஆனால் பயந்தாங்கொள்ளி. "ரெண்டு ஒழுங்கைப் பிள்ளையளையும் கிட்ட விடாதேங்கோ. அடிபிடி வந்தா முகாமை மூடச் சொல்லிப்போடுவாங்கள்" எண்டு காலமையும் பின்னேரமும் சொல்லுவார். சாப்பாடு, படுக்கை எல்லாம் வேற வேற.

ஒருநாள் கரைவலை இழுக்கப் போனம். மீன்பிடிகாரர் வலையைக் கடலில வளைச்சுப் போட்டிருந்தவை. அதின்ர ரெண்டு கயிறும் கரையில எட்ட எட்டக் கிடந்தது. சேருக்குச் சந்தோசம். "அந்த ஒழுங்கை அந்தக் கயிறு, இந்த ஒழுங்கை இந்தக் கயிறு." நானும் தலையாட்டினனான். கரைவலை மீன் திண்டே வளர்ந்தவள். இழுக்கிறதை ஒருநாளும் நிண்டு பார்த்ததில்லை.

வலை கிட்ட வரவர, இழுக்கிற ரெண்டு பக்கமும் ஒண்டையொண்டு நெருங்கி நடக்கவேணும். இல்லாட்டி வலை மூடாது. அதைக் கண்டதும் சேரின்ர முகம் வெளிறிப்போச்சு.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ, மிஸ்."

வலைக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி திரும்பியும் பாக்கயில்லை. "இப்ப விட்டா மீன் முழுக்கப் போயிடும் சேர். இழுங்கோ பிள்ளையள்."

கடைசியில டிலானிக்கும் ரம்யாவுக்கும் இடையில ஒரு கை நீளம்தான். டிலானி கயிறைப் போட்டிட்டு விலகினாள். பின்னால நிண்ட சின்னதுகள் சறுக்கி விழுந்ததுகள். அந்தப் பக்கம் வலை தளர்ந்து, சூடை மீன் துள்ளித் துள்ளி வெளிய போகத் தொடங்கிச்சு.

"டிலானி, பிடி. உங்கட பக்கத்தாலதான் போகுது" எண்டாள் ரம்யா.

டிலானி முறைச்சுப் பாத்தாள். பிறகு குனிஞ்சு கயிறைத் தூக்கினாள். "மீனுக்குத்தான் பிடிக்கிறன். உன்னோட கதை பேச்சில்லை."

"ஓம்" எண்டாள் ரம்யா. வலை மூடிக் கரைக்கு வந்திட்டுது.

இழுத்தவைக்குக் கறிக்கு மீன் குடுக்கிறது அங்க வழக்கம். சம்மாட்டி ஒழுங்கை பார்த்துப் பிரிக்கயில்லை. ஒரே கூடையில அள்ளிப் போட்டார். அண்டைக்கு எல்லாருக்கும் ஒரே சட்டிக் குழம்பு. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாக்காமல் சாப்பிட்டினம்.

சேர் அறிக்கையில "நல்லிணக்கம்" எண்டு எழுதினார். எனக்குச் சிரிக்கவும் ஏலாமல் இருந்தது. முகாமில கட்டிப்பிடிச்சு அழுததுகளை எத்தனையோ கண்டிட்டன். ஒழுங்கைக்குப் போனதும் அதெல்லாம் போயிடும். இந்த வேலைக்குப் புதுசா வாறவைக்கு நான் சொல்லுறது இதுதான்: பிள்ளையளைச் சேர்த்துவைக்க வெளிக்கிடாதேங்கோ. ஒருத்தர் விட்டால் ரெண்டு பேருக்கும் நட்டம் வாற வேலையைக் கையில குடுங்கோ. அதுக்கு மேல எங்களால ஏலாது.

பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்ச நாளில டிலானியின்ர தாய் ஃபோன் எடுத்தா. மகள் வகுப்புக்குப் போறாளாம்.

"ரம்யாவோட கதைக்கிறாளோ?"

"இல்லை மிஸ். ஆனா அந்தப் பெட்டை வராத அண்டைக்கு, ஏன் வரேல்லையோ தெரியாது எண்டு வீட்ட வந்து புறுபுறுக்கிறாள்."